உப்புக் கை

எங்கள் கொட்டகையில் வேலை நேரத்தில் யாரும் போனைத் தொட மாட்டோம். தொட முடியாது. காலையில் மடவை மீன் கூடை கூடையாக வந்து இறங்கினால், மாலை வரைக்கும் முழங்கை வரை உப்பும் மீன் சளியும்தான். செவுளைத் தூக்கி உள்ளே கல்லுப்பைத் திணிக்க வேண்டும். வாயிலும் ஒரு பிடி அடைக்க வேண்டும். அப்புறம் பீப்பாய்க்குள் குனிந்து, தலைமாடு கால்மாடாக அடுக்க வேண்டும். ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு. மூக்கு அரித்தால்கூடத் தோளில் தேய்த்துக்கொள்வோமே தவிர கையைக் கொண்டுபோக மாட்டோம். எங்கள் நபரூஹ் ஊரில் ஃபசீக், அதாவது உப்பில் ஊறிய மீன், போடுகிற எந்தக் கொட்டகைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், இதே கதைதான்.

அந்தப் பாழாய்ப்போன இயந்திரத்துக்கு இது தெரியவில்லை. எல்லாம் அதனால் வந்த வினை.

என் பெயர் நபவியா. மகன் பெயரைச் சேர்த்து உம்மு ஹைதம் என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். புருஷன் போன பிறகு ரிஃப்அத் முதலாளியின் கொட்டகையில்தான் எனக்குச் சோறு. முதலாளி என்று பெயர்தானே தவிர, மனுஷன் எங்களோடு சேர்ந்து பீப்பாய் உருட்டுவார். அவர் மனைவி இன்ஷிராஹ் எனக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து உப்புப் போடுவாள். அவள் கை பட்ட பீப்பாயை ஊரில் யாரும் திறந்து முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், அப்படியே வாங்கிப் போவார்கள். எங்கள் தொழிலில் உப்பு குறைந்தால் தின்றவன் பிழைக்க மாட்டான். இன்னொருத்தி போட்ட உப்பை இன்ஷிராஹ் ஒருநாளும் நம்பியதில்லை, தானே விரலை விட்டுப் பார்ப்பாள். அவ்வளவு கறார்.

அவர்களுக்கு ஒரே மகள், ஷாஹிந்தா. ஆறு வயதில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. கிழவர்களுக்கு வருகிறதே, மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை, அது இல்லை. குழந்தைக்கு வருகிற சர்க்கரை. உடம்பு இன்சுலின் சுரக்காது, ஊசி போட்டால்தான் உயிர். ஐந்து வருஷமாக இன்ஷிராஹ்தான் ஊசி போட்டுவந்தாள். மீன் கழுவிய கையைச் சோப்புப் போட்டு, எலுமிச்சை தேய்த்து, மறுபடி சோப்புப் போட்டு, விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்த்து, கணக்குப் போட்டு, தொடையிலோ வயிற்றிலோ ஏற்றுவாள். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பெண் நேரே கொட்டகைக்கு வந்து உப்பு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து பாடம் எழுதும். நான் கூப்பிட்டால், "சொல்லுங்க உம்மு ஹைதம் மேடம்" என்று பள்ளிக்கூட டீச்சரைப் போல இழுத்துச் சொல்லிக் கேலி செய்யும். வாயாடி. என் வாயைப் பார்த்துப் பழகினது.

காலையில் கொட்டகைக் கதவைத் திறந்ததும் குர்ஆன் ஓதல் போடுவது வழக்கம். கடையோ, வீடோ, லாரியோ, இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். முன்பு ஒரு ரேடியோ இருந்தது. குர்ஆன் நிலையம் ஒன்றுதான் அதில் வரும், முள் அந்த இடத்திலேயே துருப்பிடித்து நின்றுவிட்டது. உப்புக் காற்று கடைசியில் ரேடியோவையே தின்றுவிட்டது. போன வருஷம் ஒரு பீப்பாய் முழுக்கக் கெட்டுப்போனதும் முதலாளிக்குக் கண்ணேறு பயம் வந்துவிட்டது. மன்சூராவுக்குப் போய் ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தார். இன்ஷிராஹ்வின் போனை அதோடு இணைத்து அலமாரி மேல் வைத்து, "தினமும் பகரா சூரா முழுசா ஓடணும், ஷைத்தான் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது" என்றார்.

ஓடியது. பகரா குர்ஆனிலேயே நீளமான சூரா. இரண்டு மணி நேரத்துக்கும் மேலே. அது முடிகிற நேரத்தில் நாங்கள் நாலாவது பீப்பாயில் தலையை விட்டிருப்போம்.

முடிந்த பிறகு என்ன வரும்? ரேடியோவாக இருந்தால் இன்னொரு ஓதல் வரும். போன் அப்படியில்லை. அதுவே எதையோ தேர்ந்தெடுத்து அடுத்துப் போட்டது. முதலில் ஒரு மௌலானாவின் பயான் வந்தது. நல்ல பேச்சுதான், பெற்றோரை மதிக்கச் சொன்னார். கொஞ்ச நாளில் கண்ணேறு கழிக்கிறவர் ஒருவர் வந்தார். அப்புறம் நோய்க்கெல்லாம் ஓதித் தருகிறவர். அப்புறம் தேன் விற்கிறவர். ஒவ்வொருவரும் முன்னே வந்தவரைவிட ஒரு படி கூடக் கத்தினார்கள். எல்லோருக்கும் பின்னால் அவன் வந்தான். நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் தேன் ஷேக்.

குரல் இருக்கிறதே, அந்தக் குரல்! தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசுவான். "தாய்மாரே, உங்கள் பிள்ளையின் கணையம் சாகவில்லை. தூங்குகிறது. நீங்கள் குத்துகிற ஊசிதான் அதைத் தாலாட்டித் தூங்க வைக்கிறது. ஊசியைக் குறையுங்கள், அது கண் விழிக்கும்." கருஞ்சீரகம், வெந்தயம், ஒட்டகப் பால், அவன் புட்டியில் அடைத்து விற்கிற தேன். இவ்வளவுதான் வைத்தியம்.

"ஏய் இன்ஷிராஹ்," என்றேன் ஒருநாள். "கையைக் கழுவிட்டு வந்து அந்த ஆளோட வாயை அடை. காது புளிச்சுப்போச்சு."

"இந்தப் பீப்பா முடியட்டும் அக்கா. இப்ப எழுந்தா திரும்பக் கழுவணும், திரும்ப உப்புத் தொடணும்."

"அதுவரைக்கும் இவன் தேனை நக்கிக்கிட்டே இருக்கணுமா நான்?"

"பேசட்டுமே. பகராவுக்கு அப்புறம் வந்திருக்காரு. நல்ல மனுஷனாத்தான் இருப்பாரு."

"தொழுகை முடிஞ்ச அப்புறம்தான் மசூதி வாசலுக்குச் செருப்புத் திருடனும் வர்றான். அவனும் நல்ல மனுஷன்தானா?"

உப்பு மூட்டை மேலிருந்து ஷாஹிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். இன்ஷிராஹ்வும் சிரித்தாள். "உங்க வாய்க்குத்தான் அக்கா முதல்ல உப்புப் போடணும்" என்றாள். நானும் அதோடு விட்டுவிட்டேன், குளிர்காலத்து மீன் குவிந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஹைதம் குவைத்திலிருந்து கூப்பிட்டான். அங்கே ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறான். "என்னடா இது, குர்ஆன் போட்டா தேன் வியாபாரி வர்றான்?" என்று கேட்டேன்.

"நீங்க அவன் பேச்சை முழுசாக் கேக்குறீங்களா உம்மா?"

"நான் எங்கடா கேக்குறேன்? அது பாட்டுக்கு ஓடுது."

"நிறுத்தலைல்ல? நிறுத்தாம கடைசி வரைக்கும் ஓடுனா, இவங்களுக்கு இது பிடிச்சிருக்குன்னு அது நினைச்சுக்கும். நாளைக்கு அதே மாதிரி இன்னும் கொஞ்சம் காரமா எடுத்துக் கொடுக்கும்."

"எதுடா நினைக்குது?"

"மெஷின் உம்மா. ஆள் இல்ல. கணக்கு."

"அந்தக் கணக்குக்குக் கண்ணு இல்லையா? நாங்க முழங்கை வரைக்கும் உப்போட உக்கார்ந்திருக்கோம். பிடிச்சுப்போயா நிறுத்தாம இருக்கோம்?"

"அதுக்கு உப்புக் கை தெரியாது உம்மா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எவனோ ஒருத்தன் எங்கேயோ குளுகுளு அறையில் உட்கார்ந்து இப்படி ஒரு கணக்கை எழுதியிருக்கிறான். நிறுத்தாதவளுக்கெல்லாம் பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறான். அவன் வீட்டுப் பெண்கள் யாரும் மீன் கழுவியதில்லை போலிருக்கிறது.

இதை இன்ஷிராஹ்விடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை. அதற்குள் காரியம் கையை மீறிப் போயிருந்தது. கொட்டகையில் காதால் கேட்டதை வீட்டில் கையைக் கழுவிக்கொண்டு கண்ணாலும் பார்க்கத் தொடங்கிவிட்டாள். ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு அவள் போனைத் திறந்தாலே அவன்தான். அவன் இல்லாவிட்டால் அவன் சிஷ்யன், இல்லாவிட்டால் அவன் தேனால் குணமானதாக அழுகிற ஒரு தாய். கீழே ஆயிரக்கணக்கில் எழுதியிருப்பார்கள்: என் மகன் ஊசியை விட்டுவிட்டான், அல்லாஹ்வுக்கே புகழ். சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கிற உண்மையான டாக்டர் ஒருத்தரையாவது அந்தப் போன் கொண்டுவந்து காட்டியதா? ஒருநாளும் இல்லை. ஊரில் இருக்கிற மருந்துக் கடைக்காரிகூட அதில் வரவில்லை.

எல்லோரும் ஃபசீக் தின்கிற வசந்தத் திருநாளுக்கு, அதாவது ஷம்முன் நஸீமுக்கு, சரக்குப் போகிற பருவம் வந்தது. ஊரே மீன் வாடை. வெளியூர் வண்டிகள் வரிசையில் நின்றன. மதியம் ரொட்டியும் பச்சை வெங்காயமும் கடித்துக்கொள்ளத்தான் நேரம். அப்போதுதான் ஷாஹிந்தாவைக் கவனித்தேன். சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மீன் கழுவுகிற குழாயில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அந்தத் தண்ணியைக் குடிக்கிறே? வீட்டுல தண்ணி இல்லையா?"

"தாகமா இருக்கு. பள்ளிக்கூடத்துலயும் குடிச்சேன். டீச்சர் திட்டுறாங்க, நாலு தடவை ஒண்ணுக்குப் போறேன்னு." பிறகு என் காதருகே வந்து, ரகசியம் சொல்வதைப் போலச் சொன்னாள். "உம்மு ஹைதம், எனக்கு இனிமே ஊசி இல்ல."

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சட்டையை லேசாகத் தூக்கி வயிற்றைக் காட்டினாள். ஊசி குத்திக் குத்திக் கட்டியாக இருந்த இடங்கள் அமுங்கியிருந்தன. "பாருங்க, போயிடுச்சு" என்றாள்.

நேரே இன்ஷிராஹ்விடம் போனேன். பீப்பாய்க்குள் குனிந்திருந்தவளின் அங்கியைப் பிடித்து இழுத்தேன்.

"என்னடி செஞ்சே பிள்ளையை?"

"அக்கா, மெதுவா. அவர் காதுல விழும்."

"விழட்டும். ஊசியை நிறுத்திட்டியா?"

"நிறுத்தல. முதல்ல பாதியாக் குறைச்சேன். ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருந்தா. அப்புறம் இன்னும் கொஞ்சம் குறைச்சேன். முந்தாநாள்தான்... அக்கா, உடம்புல இருக்கிற விஷமெல்லாம் மூத்திரமா வெளியேறும், பிள்ளை மெலியும், பயப்படாதீங்கன்னு அந்த ஷேக்கே சொல்லியிருக்காரு. சொன்ன மாதிரியே நடக்குது பாருங்க."

"சாவு வர்றதுக்கு முன்னால என்னென்ன வருமோ அதையெல்லாம் மருந்து வேலை செய்யுதுன்னு சொல்லியிருக்கான்டி அந்தப் படுபாவி!"

"அப்படிச் சொல்லாதீங்க. நான் அவரைத் தேடிப் போகல அக்கா. யார்கிட்டயும் கேக்கல. ஒரு எழுத்துகூட அதுல தட்டினது இல்ல. தானா வந்தாரு. அல்லாஹ்வோட வார்த்தைக்குப் பின்னாடியே வந்தாரு. ஒரு நாளா, ரெண்டு நாளா? தினமும் வர்றாரு. எனக்குச் சர்க்கரைப் பிள்ளை இருக்குன்னு அவருக்கு யாரு சொன்னது? இது ரிஸ்க் இல்லாம வேற என்ன?"

ரிஸ்க் என்றால் எங்களுக்குத் தெரியாத வார்த்தையா? கேட்காமல் அல்லாஹ் அனுப்பிவைக்கிற பாக்கியம். வலையில் விழுகிற மீனும் ரிஸ்க்தான், வாசலுக்கு வருகிற வாடிக்கைக்காரரும் ரிஸ்க்தான். தேடாமல் வந்ததைத் தள்ளினால் பாவம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் என் வாயை அடைத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் உப்புக் கையாலேயே அந்தப் போனை எடுத்துத் தரையில் அடித்திருப்பேன்.

"அது கணக்குடி," என்றேன். "ஹைதம் சொன்னானே. நீ நிறுத்தாததால வந்தது. உன் கையில உப்பு இருந்ததால வந்தது."

"அந்த உப்பும் அல்லாஹ் வச்சதுதானே அக்கா?"

இத்தனைக்கும் முட்டாள் இல்லை அவள். ஐந்து வருஷம் பெற்ற பிள்ளையைத் தினம் நாலு தடவை குத்தியவள். குத்தும்போதெல்லாம், "போதும் உம்மா" என்று அந்தப் பெண் அழுகிற அழுகையைக் கேட்டவள். ஊசிப் பிள்ளையை எவன் கட்டுவான் என்று நாத்தனார் கேட்டதை மனசுக்குள் போட்டுப் புழுங்கியவள். அவளிடம் வந்து ஒருத்தன் போதும் என்று சொன்னான். பிடித்துக்கொண்டாள்.

ரிஃப்அத்திடம் போனேன். வண்டியில் பீப்பாய் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, உங்க பொண்டாட்டி பிள்ளைக்கு ஊசி போடுறதில்ல."

"யாரு சொன்னது?"

"பிள்ளைதான் சொல்லுது. மூஞ்சியைப் பாருங்க, எலும்பா நிக்குது."

"பரீட்சை வருது, ராத்திரியெல்லாம் படிக்கிறா, மெலியத்தான் செய்வா." இன்ஷிராஹ் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏய், ஷாஹிந்தாவுக்கு ஊசி போட்டியா?"

"போட்டேங்க!" என்று உள்ளே இருந்து பதில் வந்தது. குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

"போதுமா உம்மு ஹைதம்?" என்றார் அவர். "எங்க வீட்டு விஷயத்துல கொஞ்சம் மூக்கை நுழைக்காம இருங்க. அந்தக் கூடையைத் தள்ளுங்க, வண்டி நிக்குது." வண்டி நிற்கிறதாம். பெற்ற பெண் நிற்க முடியாமல் ஆடுகிறாள், அது கண்ணில் படவில்லை. கூடையைக் காலால் எட்டி உதைத்துவிட்டு உள்ளே போனேன். மாலையில் மருந்துக் கடைக்குப் போய்ச் சொன்னேன். "காலையில முதல் வேலையா நானே வந்து ரத்தம் பாக்குறேன்" என்றாள் கடைக்காரி. அவள் வருவதற்குள் நோய் முந்திக்கொண்டது.

மறுநாள் காலை பகரா ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போகவில்லை என்று ஷாஹிந்தா உப்பு மூட்டையில் சாய்ந்து கிடந்தாள். மூச்சு வேகமாக, ஆழமாக, ஏதோ மலை ஏறியவளைப் போல வந்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். "சளி பிடிச்சிருக்கு" என்றாள் இன்ஷிராஹ். நான் கிட்டே போய்க் குனிந்தேன். அத்தனை மீன் வாடைக்கும் நடுவில் பிள்ளையின் வாயிலிருந்து அழுகிய கொய்யாப்பழ வாசம் வந்தது. ஆறு வயதில் அவளுக்கு முதல்முதலில் சர்க்கரை வந்தபோது வந்த அதே வாசம். இன்ஷிராஹ்வும் குனிந்தாள். முகர்ந்தாள். அவள் முகம் வெள்ளைத் துணி மாதிரி ஆனது.

"ஷாஹிந்தா," என்றாள். "ஷாஹிந்தா! உம்மாவைப் பாரு!"

கண் பாதி திறந்தது. கருவிழி நிலைகொள்ளவில்லை.

மீன் வண்டியில்தான் போனோம். கழுவக்கூட நேரமில்லை. பின்னால் காலிக் கூடைகள் உருள, முன்சீட்டில் ரிஃப்அத், நடுவில் நான், என் மடியில் பிள்ளையின் தலை, ஓரத்தில் இன்ஷிராஹ். மூன்று பேர் கையிலும் உப்பு காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. மன்சூரா ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

"என்ன ஆச்சு இவளுக்கு? நேத்து ஊசி போட்டேன்னு சொன்னியே?"

இன்ஷிராஹ் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "போடல."

"என்னது?"

"மூணு நாளாப் போடல. அதுக்கு முன்னாடி பாதிதான் போட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

வண்டி ஓரமாகச் சாய்ந்தது. அவர் கையை ஓங்கினார். நான் அந்தக் கையைப் பிடித்துத் திரும்ப ஸ்டியரிங்கில் வைத்தேன்.

"அப்புறமா அடிச்சுக்க. இப்ப வண்டியை ஓட்டு."

முதலாளியை நீ என்று பேசிவிட்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டே அழுதார். "ஷைத்தான் வரக் கூடாதுன்னுதானே அதை வச்சேன்" என்றார். "வரக் கூடாதுன்னுதானே வச்சேன்." எனக்கு அவர் மேலும் ஆத்திரம்தான். பீப்பாய்க்குக் கண்ணேறு பார்க்கத் தெரிந்த மனுஷன் பிள்ளையின் கண்ணைப் பார்க்கவில்லை. பிள்ளையின் தலையை மடியில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிரோடு கையில் கொடுத்திருக்க முடியாது என்று ஒரு சின்ன வயது டாக்டர் சொன்னார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இந்த மாசம் இது மாதிரி வந்த பிள்ளைகள்ல இவ முதல் ஆள் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வராந்தாவில் இன்ஷிராஹ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொடுத்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். நான் அவளை ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? திட்ட வேண்டியவன் எங்கேயோ தேன் புட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருக்கிறான். அவனை எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்து விட்டவனோ இன்னும் தூரத்தில், முகமே இல்லாமல் இருக்கிறான். நான் போட்ட சத்தம் இந்த இரண்டு பேர் காதிலும் விழாது.

அல்லாஹ் காப்பாற்றினான். பிள்ளைக்கு நினைவு வந்தது. தண்ணீர் கேட்டாள், அப்புறம் என்னைக் கேட்டாள். குழாய்களையெல்லாம் எடுத்துவிட்டு வார்டுக்கு மாற்றினார்கள். நீளமான அறை. கட்டிலுக்குக் கட்டில் ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒரு தாய். கட்டிலுக்கடியில் பாத்திரம், செருப்பு, துணி மூட்டை. பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பையன், அவனுக்கும் சர்க்கரைதான். அவன் தாய் கிராமத்துப் பெண், அதிகம் வாய் பேசாத சாது. எங்களுக்கு ஃபூல் பருப்பும் ரொட்டியும் பங்கு கொடுத்தாள்.

சிஸ்டர் ஊசியோடு வந்தபோதுதான் ஷாஹிந்தா எழுந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு வேணாம்."

"போட்டுக்கணும் கண்ணு. இனிமே தினமும் போடணும், முன்ன மாதிரி."

"வேணாம். அது என் கணையத்தைத் தூங்க வைக்கும்."

சிஸ்டர் எங்களைப் பார்த்தாள். இன்ஷிராஹ் கட்டிலில் ஏறி மகளின் கையைப் பிடித்தாள். "ஷாஹிந்தா, உம்மா சொல்றேன். போட்டுக்கோ."

"நீதானே நிறுத்தினே! நல்லாயிடும்னு நீதானே சொன்னே!"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"இல்ல, இப்பத்தான் தப்பாச் சொல்றே. இவங்க உன்னைப் பயமுறுத்திட்டாங்க. ஷேக் சொன்னாரே, டாக்டருங்க பயமுறுத்துவாங்க, தாய்மாரே நடுங்காதீங்கன்னு." அவனுடைய குரலிலேயே சொன்னாள். அதே மெதுவான குரல், அதே இழுப்பு. உப்பு மூட்டை மேல் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டே அத்தனையையும் மனப்பாடம் செய்திருக்கிறாள். "கணையம் கண் முழிக்கிற நேரத்துல உடம்பு கொஞ்சம் விழும், அப்ப விட்டுடாதீங்கன்னு சொன்னாருல்ல? நீ விட்டுட்டே! இன்னும் ஒரு நாள் இருந்திருந்தா எனக்குச் சரியாகியிருக்கும்!"

நானும் போய் அவள் தோளைப் பிடித்தேன். திமிறினாள். எலும்பும் தோலுமான உடம்பில் எங்கிருந்துதான் அந்த வலு வந்ததோ, என் கையைக் கடித்துவிட்டாள். நான் கெட்டியாகப் பிடிக்க, இன்ஷிராஹ் மகளின் மணிக்கட்டை அமுக்க, அந்தப் பிள்ளை வார்டு அதிரக் கத்தினாள். தேன் ஷேக்கின் வார்த்தைகளையே ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள். இத்தனை நாளில் எனக்கு வந்த கோபமெல்லாம் ஒரு கோபமா? அன்றைக்கு வந்ததுதான் கோபம். ஊசி நிறுத்தியதை மறுபடி போட்டுவிடலாம். இந்தப் பிள்ளையின் தலைக்குள் அவன் போட்டுவிட்டுப் போனதை எந்த டாக்டர் வந்து எடுப்பார்?

அப்போது யாரோ என் அங்கியை லேசாக இழுத்தார்கள். பக்கத்துக் கட்டில் தாய். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டே, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. பாப்பா சொல்றாளே, அந்த ஷேக்கு... அவரு பேரு என்ன?"

நான் வாயைத் திறந்தேன். என்ன கெட்ட வார்த்தை வந்திருக்குமோ தெரியாது. அதற்குள் இன்ஷிராஹ் மகளின் கையை விட்டுவிட்டுத் திரும்பினாள். முக்காடு கழுத்தில் கிடந்தது. எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி ஒரு வார்த்தை பேசாதவள் அவள். ஐந்து வருஷமாக மகளுக்குச் சர்க்கரை என்பதையே நாத்தனாரைத் தவிர மற்ற உறவுக்காரர்களிடம் மறைத்தவள்.

"பேரா வேணும்?" என்றாள். வார்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்டது. "என் பேரை எழுதிக்கோ. இன்ஷிராஹ். நபரூஹ்ல ரிஃப்அத் கொட்டகைன்னு கேட்டா காட்டுவாங்க. பெத்த பிள்ளைக்கு மருந்தை நிறுத்தினவ. கட்டின புருஷன்கிட்ட போட்டேன்னு பொய் சொன்னவ. பிள்ளை எலும்பா ஆனப்போ மருந்து வேலை செய்யுதுன்னு ரெண்டு ரக்அத் தொழுதவ. யாராவது தேன் தர்றேன், பால் தர்றேன்னு வந்தா என் பேரைச் சொல்லு. நான் இவளைக் கொன்னேன். அல்லாஹ்தான் திருப்பிக் கொடுத்தான். கொன்னது நான்!"

அந்தத் தாய் மகனை இறுக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். வாசலில் தயிர்க் கிண்ணத்தோடு ரிஃப்அத் நின்றுகொண்டிருந்தார், அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. சிஸ்டர் ஊசியைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். நானும் பிடியை விட்டிருந்தேன்.

ஷாஹிந்தா கத்துவதை நிறுத்தி உம்மாவைப் பார்த்தாள். நம்பினாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பிறகு படுத்து, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிஸ்டர் குனிந்து பிள்ளையின் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். அந்தக் கையை மட்டும் அவள் இழுத்துக்கொள்ளவில்லை.